துப்பறியும் ஜோடிகளும் ஒரு இயந்திர நாயும்

சுஜாதாவைப் பற்றி நம் வட்டத்தில் இரண்டு கட்சிகள்தான் உண்டு. நல்ல உரைநடையை வாரப் பத்திரிகைகளுக்கு வாடகைக்கு விட்டவர் அவர் என்பது ஒரு கட்சி. அவரைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதே நேர விரயம் என்பது மற்றது. இரண்டாவது கட்சிக்காரர்கள்தான் அவரை வரிவிடாமல் படித்திருக்கிறார்கள் என்பது என் அனுபவம். இந்தக் கட்டுரை இரு தரப்புக்கும் உவப்பாக இராது. அவருடைய இலக்கிய ஸ்தானத்தை நிர்ணயிப்பது என் உத்தேசமில்லை. ரத்த சம்பந்தமோ கல்யாண சம்பந்தமோ இல்லாத இருவர் ஒரு வேலையின் நிமித்தம் சேர்த்து வைக்கப்படுகிறார்கள். வேலை நடக்க நடக்க அவர்களுக்குள் ஒரு பிடிப்பு வளர்கிறது. இதைத் தமிழில் எழுத முடிந்திருக்கிறதா என்பதே கேள்வி. இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால் தீவிர எழுத்தில் அதிகம் அகப்படவில்லை. துப்பறியும் கதைகளில், அதிலும் விஞ்ஞானக் கதையில், கொஞ்சம் அகப்படுகிறது. நமக்கு இது சங்கடமான விஷயம்தான்.

கேள்வி எனக்கு வந்தது ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரிலிருந்து. 'எக்ஸ் ஃபைல்ஸ்' 1993 செப்டம்பரில் ஆரம்பித்து 2002 வரை ஒன்பது பருவங்கள் ஓடியது. 2016-லும் 2018-லும் மறுபடி தலைகாட்டியது. நடுவில் 1998, 2008 வருஷங்களில் இரண்டு சினிமாக்கள். உருவாக்கியவர் கிறிஸ் கார்ட்டர். எஃப்.பி.ஐ. கட்டடத்தின் நிலவறையில், யாருக்கும் வேண்டாத கோப்புகளோடு உட்கார்ந்திருக்கிறான் மல்டர். பன்னிரண்டு வயதில், கண்ணெதிரே தங்கையை வேற்றுக்கிரகத்தார் கொண்டுபோய்விட்டார்கள் என்று நம்புகிறவன். அவனோடு வேலை செய்ய ஸ்கல்லி என்ற பெண்ணை அனுப்புகிறார்கள். டாக்டர், பிணப் பரிசோதனை தெரிந்தவள், அதற்கு முன் பௌதிகம் படித்தவள். அவளுக்கு இடப்பட்ட பணி மல்டர் செய்வதற்கு விஞ்ஞான அடிப்படை உண்டா என்று அறிக்கை எழுதித் தருவது. நேராகச் சொன்னால் வேவு. மல்டருக்கும் இது தெரியும். முதல் சந்திப்பிலேயே அதைச் சொல்லிக்காட்டுகிறான்.

இந்த ஆரம்பம் எனக்குப் பரிச்சயமானது. வங்கியில் பணப்பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று காசாளரிடம், இன்னொன்று அதிகாரியிடம். இருவரும் சேர்ந்து நின்று திருப்பினால்தான் திறக்கும். இதற்குக் கூட்டுப் பொறுப்பு என்று மரியாதையான பெயர் இருந்தாலும் ஏற்பாட்டின் ஆதாரம் அவநம்பிக்கைதான். ஒருவன் திருடினால் மற்றவன் தடுப்பான். இருவரும் சேர்ந்து திருடுவது கஷ்டம் என்ற கணக்கு. ஆனால் தினம் காலையும் மாலையும் ஒரே இரும்புக் கதவின் முன் நிற்கிற இருவருக்குள் என்ன நடக்கும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. ஒருவருடைய தலைவலி இன்னொருவருக்கு மூச்சு விடுகிற விதத்திலேயே தெரிந்துவிடுகிறது. சந்தேகத்தின் பேரில் சேர்த்து வைத்த இடத்தில் ஸ்தாபனம் கேட்காத ஒன்று முளைக்கிறது. எக்ஸ் ஃபைல்ஸின் முதல் இரண்டு மூன்று பருவங்களின் விஷயம் இதுதான். வேற்றுக்கிரகவாசிகள் ஒரு சாக்கு. அந்தச் சதிக்கதை போகப் போகச் சிடுக்காகி, எழுதியவர்களுக்கே பிடி நழுவிப்போயிற்று. அதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

முழுக்கச் சாக்கு என்றும் சொல்லிவிட முடியாதுதான். சாதாரணத் துப்பறியும் கதையில் கொலைகாரன் அகப்பட்டதும் உண்மை பொதுச் சொத்தாகிவிடுகிறது. போலீஸ் அறியும், பத்திரிகை அறியும், வாசகன் புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கப்போவான். துப்பறிந்த இருவருக்கு ஒருவரையொருவர் தேவைப்படுவது அங்கே முடிந்துவிடுகிறது. விஞ்ஞானக் கதையில் அப்படியில்லை. கண்டதை வெளியே சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சாட்சியங்கள் காணாமல் போகின்றன. கோப்பு மறுபடி நிலவறைக்கே திரும்புகிறது. 'நான் கண்டது நிஜந்தானா' என்று கேட்க உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். அந்த ஆளோ ஒவ்வொரு தடவையும் 'இல்லை, வேறு காரணம் இருக்கலாம்' என்று சொல்கிறவள். நம்பாதவளின் சாட்சியம்தான் பெறுமதியானது என்பதை மல்டர் மெதுவாகக் கற்றுக்கொள்கிறான். 1998-இல் வந்த சினிமாவில், ஒரு கட்டடத்து நடைவழியில் நின்று இதை அவளிடமே சொல்லிவிடுகிறான்: அவளுடைய கறாரான விஞ்ஞானந்தான் தன்னை முழு மனிதனாக வைத்திருக்கிறது என்று. அடுத்து நடக்கவிருந்த முத்தத்தை ஒரு தேனீ வந்து கெடுக்கிறது. மலிவான உத்திதான். ஆனால் அதற்கு முந்தைய பேச்சுக்கு ஐந்து வருஷத்துக் கனம் இருக்கிறது.

அந்தக் கனம் சேர்ந்த விதத்தைப் பார்க்கவேண்டும். முதல் பருவத்தில் ஒரு பகுதி. ஸ்கல்லியின் தகப்பனார் இறந்துபோகிறார். கடற்படைக் கப்பல் தலைவர். மகளும் அவருமாக மெல்வில்லின் திமிங்கலக் கதையிலிருந்து ஒருவருக்கொருவர் செல்லப் பெயர் வைத்துக்கொண்டவர்கள். மரண தண்டனைக் கைதி ஒருவன் தன்மூலம் இறந்தவர்கள் பேசுகிறார்கள் என்கிறான். மல்டர், எதையும் நம்பும் மல்டர், இவனை மட்டும் நம்ப மறுக்கிறான்; அவனைப் பழையபடி அறிந்தவன். எதையும் நம்பாத ஸ்கல்லி நம்பத் தவிக்கிறாள். இருவரும் இடம் மாறி நிற்கிறார்கள். இந்தப் பகுதியில் மல்டர் அவளை ஒரு தடவை முதற்பெயரால் கூப்பிடுகிறான். அவள் திடுக்கிடுகிறாள். அவ்வளவுதான். கடைசியில் அந்தக் கைதி வாக்களித்த தகப்பனாரின் செய்தியைக் கேட்கப் போகாமல், காயம்பட்டுக் கிடக்கும் மல்டரின் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வந்து உட்காருகிறாள். நம்பப் பயமாயிருக்கிறது என்கிறாள். ஒரு பாத்திரம் தன் கொள்கைக்குப் பின்னால் இருக்கும் பயத்தை ஒத்துக்கொள்கிற இடம். நம்முடைய சிறுகதைகளில் இம்மாதிரி இடத்துக்கு ஒரு பக்கம் உள்மனப் பேச்சு எழுதிவிடுவோம்.

அதே பருவத்தில், சில வாரங்கள் கழித்து, காருக்குள் காவலிருக்கும் காட்சி. ராத்திரி. ஸ்கல்லி சாப்பிட ஏதோ வாங்கி வந்திருக்கிறாள். இந்தத் தடவை அவள் அவனை முதற்பெயரால் கூப்பிட்டுப் பார்க்கிறாள். அவன் சிரித்துவிட்டு, அப்பா அம்மாவைக்கூட மல்டர் என்றே கூப்பிடச் செய்தேன் என்கிறான். சரி, மல்டர் என்று திரும்பிக்கொண்டு, உன்னைத் தவிர வேறு யாருக்காகவும் இப்படித் தலையைக் கொடுத்திருக்கமாட்டேன் என்கிற பொருளில் பேசுகிறாள். அவன் பையில் என்ன குளிர்பானம் இருக்கிறது என்பதை வைத்துக் காதலைப் பற்றி ஒரு வேடிக்கை சொல்கிறான். பையில் இருப்பது வேறு பானம். விஷயம் அங்கே நின்றுபோகிறது. அதற்குப் பிறகு வருஷக்கணக்காக இருவரும் ஒருவரையொருவர் குடும்பப் பெயராலேயே அழைத்துக்கொள்கிறார்கள். ஆபீஸில் அந்நியர்கள் அழைத்துக்கொள்ளும் முறை அது. அந்த அந்நியப் பெயரே காலத்தால் தேய்ந்து, வேறு எந்தச் செல்லப் பெயரும் எட்டாத அந்தரங்கத்தை அடைந்துவிடுகிறது. விளி மாறவில்லை. அதற்குள் இருக்கும் சரக்கு மாறிவிட்டது.

இவ்வளவையும் கலைஞனின் திட்டம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டாம் பருவத்தில் ஸ்கல்லி கடத்தப்படுவதும், பின் மயக்கத்தில் ஆஸ்பத்திரியில் கிடப்பதும், அவளாக நடித்த ஜில்லியன் ஆண்டர்சன் கர்ப்பமாயிருந்ததால் நேர்ந்த ஏற்பாடு. அவர் இல்லாமல் சில வாரம் ஓட்டியாக வேண்டும். இந்த இடைஞ்சலிலிருந்துதான் தொடரின் மிக ஆழமான பகுதி வந்தது. மல்டருக்குப் பழிவாங்க ஒரு சந்தர்ப்பம் அமைகிறது. அதை விட்டுவிட்டு அவள் கட்டிலருகே போய் உட்காருகிறான். அவள் கண் விழித்தபின் அவன் கொண்டுவந்து கொடுப்பது ஒரு கால்பந்தாட்ட வீடியோ நாடா. கூடவே, தான் பத்திரப்படுத்தி வைத்திருந்த அவளுடைய சிலுவை. அவன் நம்பாத சிலுவை அது. இந்தக் கைமாற்றத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

1998-இல் வந்த இன்னொரு பகுதியையும் சொல்லவேண்டும். ஒரே சம்பவத்தை ஸ்கல்லி ஒரு விதமாகவும் மல்டர் வேறு விதமாகவும் சொல்கிறார்கள். அவள் சொல்லும்போது உள்ளூர் ஷெரீஃப் அழகன். அவன் சொல்லும்போது அதே ஆள் பல் எடுப்பான அசடு. அவள் கதையில் மல்டர் பிறர் பேச்சைக் காதில் வாங்காத உற்சாகி. அவன் கதையில் ஸ்கல்லி எடுத்ததற்கெல்லாம் சலித்துக்கொள்கிறவள். குரோசவாவின் ஜப்பானியப் படத்தை உடனே நினைப்போம். இங்கே நோக்கம் வேறு. உண்மை பல்வகைப்பட்டது என்ற தத்துவ ஜம்பம் கிடையாது. ஒருவர் கண்ணில் தான் எப்படித் தெரிகிறோம் என்பதைக் கேட்டுச் சகித்துக்கொள்ளும் அளவுக்கு இருவரும் நெருங்கிவிட்டார்கள் என்பதே விஷயம்.

பிற்பாடு என்ன ஆயிற்று? 1999 கடைசியில், ஏழாம் பருவத்தில், புத்தாண்டு பிறக்கும் நொடியில் ஒரு முத்தம். அதன்பின் மல்டர் பாதி நாள் காணாமல் போகிறான். டாக்கெட் என்று வேறொருவன் வருகிறான். ஸ்கல்லி பழைய மல்டரின் நாற்காலியில் உட்கார்ந்து நம்பிக்கைக்காக வாதாடுகிறாள். இந்த இடமாற்றம் யோசிக்கத் தக்கது. ஆனால் தொடரில் தெம்பு குறைந்துவிட்டது. பிள்ளை, தாய்மை, கண்ணீர் என்று குடும்பக் கதையாகிறது. அமெரிக்காவிலும் கடைசியில் முறை தேடிக் கொடுத்துவிடுகிறார்கள். அவர்களுக்கு ஏழு வருஷம் தாங்கியது என்பதுதான் வித்தியாசம். திரையில் இருந்த சமத்துவம் சம்பளப் பட்டியலில் இருக்கவில்லை. ஆரம்ப வருஷங்களில் ஆண்டர்சனுக்குச் சக நடிகர் டேவிட் டுகோவ்னியைவிடக் குறைந்த ஊதியம். 2016-இல் மறுபடி எடுக்கும்போதும் முதலில் பாதித் தொகைதான் பேசினார்கள் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

'முறை தேடிக் கொடுப்பது' என்று சொன்னேன். தமிழுக்கு வருவோம். நம் பாஷையில் இரண்டு அந்நியர்கள் பத்து நாள் சேர்ந்து வேலை செய்தால் உறவுமுறை ஒன்று வந்து உட்கார்ந்துவிடுகிறது. எங்கள் பக்கத்தில் ஒரு வாரம் போதும்: அண்ணாச்சி. வயது ஒத்தவனானால் மாப்பிள்ளை, மச்சான். பெண்ணானால் முதலில் மேடம், ஒரு மாசத்தில் அக்கா. அந்த அக்கா பிரியத்தால் வருவதென்று மட்டும் சொல்வதற்கில்லை. அது ஒரு காப்பு. சாவி பிடிக்கும் இருவரில் ஒருவர் ஆணும் ஒருவர் பெண்ணுமாக இருந்தால் இந்தக் காப்பு இல்லாமல் கிளையில் ஒரு வாரம் ஓட்டமுடியாது. அக்கா என்று அழைத்த கணமே பிடிப்பின் எல்லையும் தீர்மானமாகிவிடுகிறது. இனி வளர ஏதுமில்லை. அக்காவிடம் எப்படி நடந்துகொள்வது என்பதை ஆயிரம் வருஷமாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

வங்காளத்திலும் இதே கதை. சத்யஜித் ராய் 1965-இல் ஆரம்பித்த துப்பறியும் கதைகளில் ஃபெலுதா என்ற பெயரின் வாலிலேயே அண்ணன் ஒட்டிக்கொண்டிருக்கிறான். கூடப் போகும் தோப்ஷே சித்தப்பா பெரியப்பா பிள்ளை வகையில் தம்பி. உறவு கதைக்கு முன்பே நிச்சயமானது. அங்கே வளர்வது தம்பியின் வயதுதான்.

இந்தப் பின்னணியில்தான் சுஜாதா செய்த காரியம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கணேஷ் 1968-இல் குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு' தொடரில் தோன்றினான், தனியாக. வசந்த் பின்னால் வந்து சேர்ந்தான். அவன் கணேஷைக் கூப்பிடுவது 'பாஸ்' என்று. அண்ணா இல்லை, சார் இல்லை, குரு இல்லை. தமிழ் உறவுமுறையின் அகராதிக்கு வெளியிலிருந்து ஒரு சொல். கொஞ்சம் மரியாதை, கொஞ்சம் கிண்டல், எப்போது வேண்டுமானாலும் எடுத்துப்போட்டுவிடலாம் என்ற ஒரு லேசு. இந்த ஒற்றைச் சொல்லால் இரண்டு தமிழ் ஆண்கள் குடும்பத்துக்குள் போகாமல் நட்பாயிருக்க ஒரு இடம் கிடைத்தது. வசனத்தின் வேகத்தைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். அந்த வேகத்தின் சூட்சுமம் இந்த விளியில் இருக்கிறது. 'அண்ணா' என்று போட்டு அதே வசனத்தை எழுதிப்பாருங்கள், நடக்காது.

ஆனால் அந்தப் பிடிப்பு வளர்ந்ததா? வளரவில்லை. காரணம் வாரப் பத்திரிகையின் ஞாபகசக்தி. ஒரு தொடர் முடிந்ததும் எல்லாம் துடைக்கப்பட்டு, அடுத்த தொடரில் இருவரும் அதே வயதில், அதே ஆபீஸில், அதே தொனியில் ஆரம்பிக்கிறார்கள். 1981-இல் வந்த 'கொலையுதிர் காலம்' ஒன்றில்தான் நிஜமான சோதனை நேர்கிறது. பேய் என்று வசந்த் சாய்கிறான். விஞ்ஞானம் என்று கணேஷ் நிற்கிறான். மல்டரும் ஸ்கல்லியும் பிறப்பதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே அந்த விவாதம் தமிழில், ஒரு ஜனரஞ்சக வாரப் பத்திரிகையில் நடந்துவிட்டது. ஹாலோகிராம் என்ற சொல்லைப் பல பேர் அங்கேதான் முதலில் கேட்டார்கள். இருவரும் நிஜமாகவே பயப்படுகிறார்கள், நிஜமாகவே முரண்படுகிறார்கள். அப்படி ஒரு ராத்திரியைச் சேர்ந்து கழித்த இருவர் மறுபடி பழையவர்களாக இருக்கமுடியாது. அடுத்த தொடரில் பழையவர்களாகவே இருக்கிறார்கள். தொடர் தாண்டி அவர்களுக்கு இருந்த ஒரே ஞாபகம், வசந்த் எப்போதும் ஆரம்பித்து ஒருபோதும் முடிக்காத அந்த மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக். இரண்டு பேருடைய பல வருஷத் தோழமைக்குச் சாட்சியாக ஒரு சொல்லப்படாத ஜோக் மிஞ்சுகிறது. சுஜாதாவுக்கு இது தெரிந்தே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்த ஜோக்கை முடிக்காமல் விட்டதில் அவருடைய கலையுணர்வு இருக்கிறது.

இந்தக் கதைகளில் பெண்கள் பெரும்பாலும் கட்சிக்காரியாக, சந்தேகத்துக்குரியவளாக, பிணமாக வந்துபோகிறார்கள். வசந்தின் கண் அவர்கள்மேல் எப்படிப் போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பரத்–சுசீலா இல்லையா, நரேந்திரன்–வைஜெயந்தி இல்லையா, விவேக்–ரூபலா இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள். பட்டுக்கோட்டை பிரபாகரும் சுபாவும் ராஜேஷ்குமாரும் பெண்ணைத் துப்பறிய அழைத்துவந்ததை மறுக்கவில்லை. ஆனால் ரூபலா விவேக்கின் மனைவி. மற்ற இரண்டு ஜோடிகளிலும் சரசம் முதல் பக்கத்திலேயே ஏற்பாடாகிவிட்டது. சுசீலாவின் பனியனில் இந்த மாசம் என்ன வாசகம் என்பது வாசகனின் எதிர்பார்ப்பு. மனைவி, காதலி என்று ஸ்தானம் கொடுத்தாகிவிட்டது. வேலை அந்த ஸ்தானத்தின் மேல் போட்ட சட்டை.

எங்கள் பெரியதாழைப் பக்கத்தில் முத்துக்குளிப்பைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லும் ஒரு விஷயம் இங்கே பொருந்தும். தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோயிற்று, சங்கு குளிப்பு பின்னும் தொடர்ந்தது. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஒற்றை மூச்சில் கீழே போகிறவனுடைய உயிர், தோணியில் கயிறு பிடித்து நிற்பவன் கையில். கீழே இருப்பவன் கயிற்றை அசைத்தால் இவன் இழுக்கவேண்டும். ஒரு கணம் கவனம் பிசகினால் போயிற்று. அந்தக் கயிற்றை மச்சானிடந்தான் கொடுப்பார்கள் என்பார்கள், மனைவியின் அண்ணன் தம்பியிடம். தங்கச்சி தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டான் என்ற நியாயம். எல்லாத் தோணியிலும் அப்படி நடந்ததா என்பது வேறு. அப்படிச் சொல்லப்படுகிறது என்பதே நமக்கு முக்கியம். உறவில்லாத ஒருவனிடம் கயிற்றைக் கொடுப்பதற்கு நம்மிடம் கதை இல்லை. கடல் ஓரத்துக்கு மட்டும் உரிய விஷயமல்ல இது. நாவலிலும் கயிற்றை மச்சானிடமே கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மச்சானல்லாத ஒன்றிடம் கயிற்றைக் கொடுத்த கதையாக எனக்குத் தோன்றுவது 'என் இனிய இயந்திரா'. எண்பதுகளில் ஆனந்த விகடனில் வந்து, பின் தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. நான் எழுத்தைப் பற்றியே பேசுகிறேன். கதை இருபத்தோராம் நூற்றாண்டின் இருபதுகளில் நடப்பதாக எழுதப்பட்டது. அந்த வருஷங்களுக்குள் நாமே வந்து சேர்ந்துவிட்டோம். ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. பெயர்கூட இரண்டெழுத்துக்கு மேல் கூடாது. பிள்ளை பெற அரசாங்க அனுமதி வேண்டும். நிலாவின் கணவன் சிபி காணாமல் போகிறான். அவள் வீட்டில் தங்க வந்த ரவி என்பவனோடு ஒரு இயந்திர நாயும் வந்திருக்கிறது: ஜீனோ. பேசும், படிக்கும், கேள்வி கேட்கும். கணவனைத் தேடிப் புறப்பட்டவளுக்குத் துணையாக அமைவது அதுதான்.

ஸ்கல்லியைப் போலவே ஜீனோவும் பிறர் ஏற்பாட்டில் உள்ளே வந்தது. இன்னொருவனுடைய உடைமை. யாருக்கு விசுவாசமாக இருக்கவேண்டும் என்பது அதற்குள் எழுதி வைக்கப்பட்டது. நிலா முதலில் அதை ஒரு பொருளாகத்தான் பார்க்கிறாள். போகப் போக, அவள் மனிதர்களிடம் கேட்க முடியாததை அதனிடம் கேட்கிறாள். அதுவும் சொல்லப் பணிக்கப்படாததைச் சொல்ல ஆரம்பிக்கிறது. ஜீவா என்பதே ஒளியால் செய்த பொய் என்று தெரியவரும் கதையில், ரவியும் அவன் சகா மனோவும் அந்தப் பொய்யை உடைப்பதாகப் புறப்பட்டு அதன் சௌகரியத்தில் குடியேறிவிடுகிறார்கள். ராணியாக ஒரு பதுமை வேண்டும் என்று நிலாவை உட்கார்த்துகிறார்கள். புரட்சி பேசிய மனிதர்கள் அவளைப் பொருளாக்க, பொருளாக வந்த நாய் அவளை மனுஷியாக நடத்துகிறது. 'மீண்டும் ஜீனோ'வில் இது தீவிரமாகிறது. கூட்டாளிகள் இருவரில் ஒருவர் அரியணையில் சிறைப்பட்டிருக்கிறார். மற்றவர், அதிகாரத்தின் கண்ணில், பிரித்துப்போட வேண்டிய சாமான். வாரப் பத்திரிகையின் மறதியை மீறி, ஒரு தொடரின் ஞாபகம் இன்னொரு தொடருக்குள் போகிறது. கணேஷ் வசந்துக்குக் கிடைக்காத வசதி இது.

தலைப்பைக் கவனியுங்கள். இயந்திரம் அஃறிணை. அதை 'இயந்திரா' என்று உயர்திணை ஆண்பாலாக விளிக்கிறார் ஆசிரியர். இனிய என்று அடைமொழி வேறு. உள்ளே வாக்கியங்களில் ஜீனோ 'என்றது' என்றே அஃறிணையாக நடக்கிறது. அட்டையில் மட்டும் ஆளாகிவிட்டது. ஒரு தமிழ்ப் பெண் பாத்திரம் கூட வேலை செய்கிற ஒருவனை 'என் இனிய' என்று அழைத்து, அது சரசமும் ஆகாமல், தங்கச்சிப் பாசமும் ஆகாமல் நிற்பது இங்கே நடந்திருக்கிறது. நடப்பதற்கு அந்த ஒருவன் மனிதனாயிராமல் இருக்கவேண்டியிருந்தது. நாய்க்கு ஊர்வாய் கிடையாது. இயந்திரத்துக்கு ஜாதி கிடையாது. அதோடு இரவெல்லாம் பேசிக்கொண்டிருந்தாள் என்று யாரும் கதை கட்டமுடியாது. விஞ்ஞானக் கதை நமக்குக் கொடுத்த சுதந்திரத்தின் அளவு அவ்வளவு. அது குறைவு என்று சொல்லலாம். தீவிர எழுத்தில் அந்த அளவாவது உண்டா என்று எண்ணிப்பார்த்தால் எனக்கு விரல் மடங்கவில்லை. ஆண் பெண் உறவு என்றதும் நாம் காமத்துக்குப் போகிறோம், அல்லது காமத்தின் தோல்விக்கு. இருவரும் சேர்ந்து ஒரு கணக்கைச் சரிபார்த்தார்கள், ஒத்துப்போகவில்லை, மறுநாளும் வந்து உட்கார்ந்தார்கள் என்பது நமக்குக் கதையாகத் தோன்றுவதில்லை.

(ஸ்கல்லிக்கும் ஒரு நாய் இருந்தது. மெல்வில்லின் கதையிலிருந்துதான் அதற்கும் பெயர். ஏரிக்கரையில் ஏதோ ஒன்று அதைத் தின்றுவிடுகிறது. அன்று ராத்திரி அவளும் மல்டரும் ஏரி நடுவில் ஒரு பாறையில் மாட்டிக்கொண்டதாக நினைத்து வெகுநேரம் பேசுகிறார்கள். கரை நாலடியில் இருந்தது பிறகுதான் தெரிகிறது. அமெரிக்கர்கள் நாயைக் கொன்றுவிட்டு மனிதர்களைப் பேசவைத்தார்கள்.)

மொழி சம்பந்தப்பட்ட ஒரு சிக்கலைச் சொல்லவேண்டும். அந்தக் காட்சிகளை இரண்டொரு தடவை தமிழில் பெயர்த்து எழுதிப்பார்த்தேன், பிரசுரத்துக்காக அல்ல, பயிற்சியாக. ஆங்கிலத்தில் ஒரே முன்னிலைச் சொல்தான். ராஜாவுக்கும் அதுதான், நாய்க்கும் அதுதான். அந்த ஜோடியின் நெருக்கம் எந்த நாளில் எந்த நிமிஷத்தில் மாறியது என்று அந்தச் சொல் காட்டிக்கொடுப்பதில்லை. தமிழில் 'நீங்கள்' என்று ஆரம்பிக்கவேண்டும். முதல் நாள், நிலவறையில், இரண்டு பேரும் நீங்கள். எங்கே 'நீ' ஆகிறது? தகப்பனார் இறந்த பகுதியில் மல்டரை 'நீ' போடவைத்தால் ஆறுதல் சொல்கிற அண்ணனாகிவிடுகிறான். ஸ்கல்லி பதிலுக்கு 'நீங்கள்' என்றே நின்றால் மனைவியாகிவிடுகிறாள். நம் வீடுகளின் வழக்கம் அது. இருவரையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து 'நீ'க்கு மாற்றினால் கல்லூரிக் காதலர்கள். கடைசிவரை 'நீங்கள்' என்றே ஓட்டினால் மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கடன் மனு பேசுகிற தொனி. கார்க் காட்சியில் அவள் மல்டர் என்று திரும்பிக்கொண்டபின் சொல்கிற அந்த ஒரு வாக்கியத்தை நாலு விதமாக எழுதி வைத்திருக்கிறேன். அதில் முன்னிலைப் பெயரே வராமல் தப்பித்துக்கொண்ட ஒன்றுதான் காதுக்குக் கொஞ்சம் கிட்டத்தில் வருகிறது. வினைமுற்று வரும் இடத்தில் அதுவும் மாட்டிக்கொள்கிறது.